ஹெலிகன்: குதிரை லத்தியில் பழுத்த அன்னாசி

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கார்ன்வாலில் இருக்கும் ஹெலிகன் தோட்டத்துக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் டிக்கெட் வாங்கிய கையோடு கயிற்றுப் பாலத்தைத் தேடி ஓடுகிறார்கள். பெரணி மரமும் மூங்கிலும் வாழையும் மண்டிக் கிடக்கும் ஒரு பள்ளத்தாக்கு, அதற்கு மேலே ஆடும் பாலம், காட்டு வழியில் பாசி போர்த்திக்கொண்டு தூங்கும் ஒரு மண் பெண் சிலை. குழந்தைகளோடு போனால் அதைத் தவிர்க்க முடியாது, தவிர்க்கவும் வேண்டாம், நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நான் எழுத வந்தது அதைப் பற்றி இல்லை. மேல்பகுதியில் மதில்களுக்குள் ஒரு சின்ன முற்றம் இருக்கிறது, மெலன் யார்டு என்று பெயர், முலாம்பழ முற்றம். அதையும், பக்கத்தில் உள்ள காய்கறித் தோட்டம், மதில் போட்ட பூந்தோட்டம் இரண்டையும் பார்க்கத்தான் நாங்கள் போனோம். அரை நாள் அங்கேயே போய்விட்டது. இன்னும் ஒரு மணி நேரம் விட்டிருந்தால் என் மாமனார் அங்கிருந்த ஆட்களிடம் மண்வெட்டியைக் கேட்டு வாங்கியிருப்பார்.

அவரைப் பற்றி ரெண்டு வரி. வாழ்நாள் முழுக்க வயலில் நின்ற மனிதர், ஆறு மாத விசாவில் எங்களோடு இருக்க வந்திருந்தார். நாங்கள் கூட்டிப் போன எந்த மாளிகையும் அவருக்குப் பிடிக்கவில்லை. "இத்தனை நெலத்தையும் புல்லு வளக்கவா வச்சிருக்காங்க?" இதே கேள்வி ஒவ்வொரு இடத்திலும். அதற்கு ரெண்டு வாரம் முன்னால் வேறொரு பழைய மாளிகைக்குப் போயிருந்தோம், பெயர் வேண்டாம். வரலாற்றுச் சிறப்புமிக்க மதில் தோட்டம் என்று பலகை வைத்திருந்தார்கள். உள்ளே போனால் நாலு பக்கமும் அருமையான செங்கல் மதில், நடுவில் கல்யாணக் கூடாரம் போட வசதியாக ஒரே புல்வெளி, ஓரத்தில் தகரத் தொட்டிகளில் லாவண்டர். அவ்வளவுதான். நான் கோபத்தில் இருந்தேன், மாமா மட்டும் மதிலுக்குப் பக்கத்தில் போய்க் கண்ணை இடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். "சுவரு பூரா ஆணி அடிச்ச ஓட்டையா இருக்கே மாப்பிள்ளை, இதுல என்னத்த மாட்டி வச்சிருந்தாங்க?"

நல்ல கேள்வி. மாட்டியது மரங்களை. பீச், ஆப்ரிகாட், பேரி மரங்களைச் சின்னக் கன்றிலிருந்தே கவாத்து பண்ணிப் பண்ணி, விசிறி மாதிரி சுவரோடு தட்டையாகப் படர விட்டு, ஒவ்வொரு கிளையையும் ஒரு துணிக் கிழிசலால் சுற்றி, சுண்ணாம்புச் சாந்தில் ஆணி அடித்து நிறுத்துவார்கள். வருடா வருடம் ஆணி பிடுங்கி, கிளையை நகர்த்தி, மறுபடி அடிப்பார்கள். நூறு இருநூறு வருடம் இப்படி நடந்தால் சுவர் அம்மை விழுந்த முகம் மாதிரிதான் ஆகும். மதில் தோட்டம் என்றால் திருட்டுப் பயத்துக்காகவும் முயல் வராமல் இருக்கவும் கட்டியது என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த உபயோகமும் உண்டு. ஆனால் அந்த மதில் உண்மையில் ஒரு அடுப்பு. பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரியில் கொஞ்சம் கொஞ்சமாக விடும். அதனால்தான் கல் மலிவாகக் கிடைத்த ஊரில்கூடப் பல பண்ணைகளில் வெளிப்பக்கம் கல்லும் உள்பக்கம் செங்கல்லுமாகக் கட்டியிருப்பார்கள். செங்கல் சூட்டை வாங்கித் தரும், ஆணியும் ஏறும்.

இங்கிலாந்தில் சூரியன் எப்போதும் தெற்குப் பக்கம் சாய்ந்துதான் போகும். ஆகவே தோட்டத்தின் வடக்கு மதிலின் உள்முகம்தான் ராஜ பீடம், நாள் முழுக்க வெயில். பீச்சும் ஆப்ரிகாட்டும் அத்தியும் அங்கே. எதிரே தெற்கு மதிலின் உள்முகம் எப்போதும் நிழலில் கிடக்கும், அங்கே புளிப்புச் செர்ரி, நெல்லிக்காய் மாதிரி இருக்கும் கூஸ்பெரி. இதைவிட எனக்குப் பிடித்தது வடக்கு மதிலின் முதுகுப் பக்கம். உள்ளே வெயிலில் சாய்ந்து நிற்கும் கண்ணாடிக் குடில்கள். அதே சுவருக்குப் பின்னால், வெயிலே படாத பக்கத்தில், வரிசையாகக் கொட்டகைகள். பாய்லர் அறை, தொட்டியில் கன்று மாற்றும் அறை, பழம் சேமிக்கும் அறை, காளான் வளர்க்கும் இருட்டறை, கல்யாணமாகாத தோட்டப் பையன்கள் தங்கும் குடில். அந்தப் பையன்களில் ஒருவன் முறை வைத்து நடு ராத்திரியில் எழுந்து பாய்லருக்குக் கரி போட வேண்டும், ஒரு ராத்திரி தூங்கிவிட்டால் ஒரு வருடத்துத் திராட்சை போச்சு. ஒரே சுவர், முன்னால் பிரபுவின் பீச், பின்னால் பையனின் கரி மூட்டை.

சில இடங்களில் வெயிலை நம்பாமல் சுவருக்குள்ளேயே புகைவழி விட்டு நெருப்புப் போட்டார்கள். ஸ்காட்லாந்தில் டன்மோர் என்ற ஊரில் 18-ஆம் நூற்றாண்டில் ஒரு பிரபு மதில் தோட்டத்தின் வடக்கு மதில் கட்டடத்துக்குக் கல்லாலேயே ராட்சத அன்னாசிப்பழம் ஒன்றைக் கூரையாகக் கட்டி வைத்தார், அது இன்னும் நிற்கிறது. அங்கே மதிலுக்குள் அடுப்புப் புகை ஓடியது. சரிவில் தோட்டம் போட்டால் குளிர் காற்று தண்ணீர் மாதிரி இறங்கிக் கீழ்மதிலில் தேங்கும், அங்கே வாசலோ திறப்போ இல்லையென்றால் அந்த மூலைப் பூவெல்லாம் உறைபனியில் கருகிவிடும். இதையெல்லாம் தெரிந்துகொண்டு ஒரு மதில் தோட்டத்துக்குள் நுழைந்தால், அழகான பூங்கா என்ற எண்ணமே போய்விடும். அது ஒரு இயந்திரம், சூட்டைச் சேர்த்துச் செலவழிக்கும் இயந்திரம். ஹெலிகன் எனக்கு ஏன் இவ்வளவு பிடித்தது என்றால் அங்கே அந்த இயந்திரம் இன்னும் ஓடுகிறது.

இடத்தின் கதை சுருக்கமாக. ஹெலிகன் என்றால் கார்ன்வால் மொழியில் வில்லோ மரம். மெவகிஸ்ஸி என்ற மீனவ ஊருக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்த மேட்டில் இருக்கிறது. 1569-ல் டிரெமெய்ன் குடும்பம் வாங்கியது, அதற்கப்புறம் நானூறு வருடம் அவர்கள் கையில்தான். முதல் உலகப் போருக்கு முன்னால் இருபதுக்கு மேல் தோட்டக்காரர்கள். போர் வந்தது, ஆட்கள் போனார்கள், பலர் திரும்பவில்லை. மாளிகையை வாடகைக்கு விட்டுவிட்டு வாரிசு இத்தாலிக்குப் போய்விட்டார். எழுபத்தைந்து வருடம் முள்ளும் ஐவிக் கொடியும் லாரலும் சேர்ந்து எல்லாவற்றையும் விழுங்கின. 1990 ஜனவரியில் ஒரு பெரிய புயல் மரங்களைச் சாய்த்தது. அடுத்த மாதம் அந்தக் குடும்பத்து வாரிசு ஒருவரும் டிம் ஸ்மிட் என்பவரும் அரிவாளோடு உள்ளே புகுந்தார்கள். ஜான் நெல்சன் என்ற கட்டடக்காரர் சேர்ந்துகொண்டார், 1992-ல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். இந்த ஸ்மிட்தான் பின்னால் செயின்ட் ஆஸ்டல் பக்கம் ஒரு களிமண் குவாரிக்குள் ஈடன் புராஜெக்ட் என்ற ராட்சதக் குமிழிக் குடில் தோட்டத்தைக் கட்டியவர். அதற்குத்தான் கூட்டம் அதிகம், எனக்கு இதுதான் மேல்.

சரி, அன்னாசிக்கு வருவோம்.

மெலன் யார்டில் தரையோடு தரையாக ஒரு நீளமான குழி, மேலே சாய்வாகக் கண்ணாடிச் சட்டங்கள். பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தால்தான் தெரிகிறது, குழி ஒன்றில்லை மூன்று. நடுக்குழியில் அன்னாசிச் செடிகள் தொட்டியோடு வரிசையாக நிற்கின்றன. அதன் இரண்டு பக்கமும், இடையில் ஒரு சுவர் வைத்து, பலகை மூடிய இரண்டு பள்ளங்கள். அந்தப் பள்ளங்களில் வைக்கோலோடு கலந்த புதுக் குதிரை லத்தியை டன் கணக்கில் கொட்டுகிறார்கள். அது புளித்து வேகும்போது வரும் சூடு இடைச்சுவர் வழியாக நடுக்குழிக்குப் போகிறது. அந்தச் சுவரில் செங்கல்லைத் தேனடை மாதிரி இடைவெளி விட்டுக் கட்டியிருப்பதால் சூடு உள்ளே போய்ச் செடியைச் சேரும், லத்தி செடியைத் தொடாது. பைப் கிடையாது, கரி கிடையாது. 18-ஆம் நூற்றாண்டில் கட்டியது. குதிரைச் சாணத்தில் அன்னாசி விளையும் குழி ஐரோப்பாவில் இன்று வேலை செய்வது இது ஒன்றுதான் என்று சொல்கிறார்கள்.

மாமா அங்கேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கு விளக்க வேண்டிய அவசியமே இல்லை, அவர்தான் எனக்கு விளக்கினார். "ஈர வைக்கோலப் போர் போட்டா உள்ள கைய வைக்க முடியாது தெரியுமில்ல? அதேதான். ஆனா அது ரெண்டு மூணு வாரத்துல அடங்கிரும் மாப்பிள்ளை, திரும்பத் திரும்பப் போட்டுக்கிட்டே இருக்கணும். இதுக்குன்னே குதிர வளத்திருப்பாங்க." இதுக்குன்னே இல்லை, ஆனால் லாயத்தில் குதிரை இல்லாத மாளிகை அந்தக் காலத்தில் ஏது. லாயமும் அன்னாசிக் குழியும் ஒரே கணக்கில் ஓடிய இரண்டு துறைகள். அடங்கிவிடும் என்று அவர் சொன்னது அட்சரம் பிசகாமல் சரி. கொட்டிய புதிதில் கொதிக்கும், அப்புறம் இறங்கும், அதனால் குளிர்காலம் பூராவும் யாராவது பலகையைத் தூக்கிப் பார்த்துப் புதுச் சரக்கைக் கலந்துகொண்டே இருக்க வேண்டும். அதிகமானால் வேர் வெந்துவிடும், குறைந்தால் செடி உறைந்துவிடும், ஒரு பழத்துக்கு இப்படி ரெண்டு வருடத்துக்கு மேல் காவல்.

ஏன் இவ்வளவு பாடு? ஐரோப்பியர்கள் அன்னாசியை முதலில் பார்த்தது 1493-ல், கொலம்பஸின் இரண்டாவது பயணத்தில். கப்பலில் கொண்டுவந்தால் பெரும்பாலும் அழுகிவிடும். அதனால் வந்து சேர்ந்த ஒன்றிரண்டுக்குத் தங்கத்தின் மதிப்பு. டச்சுக்காரர்கள்தான் முதலில் கண்ணாடிக்குக் கீழே வளர்த்துப் பழுக்க வைத்தார்கள், அதற்கப்புறம் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனுக்குப் பக்கத்தில் ரிச்மண்டில் மேத்யூ டெக்கர் என்ற வணிகரின் தோட்டத்தில் ஹென்றி டெலண்ட் என்ற தோட்டக்காரர் வெற்றிகரமாக வளர்த்தார். அவர் தோல் பதனிடும் இடத்தில் கழித்துப் போட்ட மரப்பட்டையை நொதிக்க வைத்துச் சூடு எடுத்தார்; லத்தி மாதிரி எகிறாது, மாசக் கணக்கில் நிதானமாகச் சூடு தரும். அந்த அன்னாசியை 1720-ல் ஓவியமாகவே வரைந்து மாட்டினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள், மனிதனுக்கு இல்லை, பழத்துக்கு உருவப்படம். அதற்கப்புறம் நாட்டில் மாளிகை வைத்திருந்த ஒவ்வொருவருக்கும் ஒரு அன்னாசிக் குழி வேண்டும் என்றாகிவிட்டது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் நீராவிக் கப்பல்கள் அட்லாண்டிக் கடலில் இருக்கும் அசோர்ஸ் தீவுகளிலிருந்து அன்னாசியைக் குவியலாகக் கொண்டுவர ஆரம்பித்ததும் விலை விழுந்தது, குழிகளை மண் போட்டு மூடினார்கள், அல்லது வெள்ளரி போட்டார்கள்.

ஹெலிகன்காரர்கள் அந்தக் குழியைத் தோண்டி எடுத்துச் சரிசெய்து, புத்தகங்களைப் பார்த்துத் தட்டுத்தடுமாறிப் பழகி, கடைசியில் 1997-ல் பழம் எடுத்தார்கள். முதல் பழத்தைத் தாங்களே அறுத்துத் தின்று பார்த்தார்களாம், லத்தி வாடை ஏறியிருக்கிறதா என்று. ஏறவில்லை. அடுத்த பழம் எலிசபெத் ராணிக்கு, அவருடைய கல்யாணப் பொன்விழாப் பரிசாக. ஆள் கூலியெல்லாம் சேர்த்தால் ஒரு பழத்துக்கு ஆயிரம் பவுண்டுக்கு மேல் ஆகும் என்பார்கள். இதைக் கேட்டதும் மாமா சிரித்த சிரிப்பில் முற்றத்தில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தள்ளுவண்டியில் கீற்றுக் கீற்றாக உப்பும் மிளகாய்த்தூளும் தடவி வாங்கித் தின்ற பழம் இது, அதற்கு இத்தனை பேர் ஊழியம் செய்தார்கள் என்பது எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் கொஞ்ச நேரம் அந்த இடைச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் சிரிப்பு அடங்கிவிடும். எத்தனை இடைவெளி விட வேண்டும் என்று கண்டுபிடிக்க எத்தனை செடியைச் சாகடித்திருப்பார்கள்?

அதே முற்றத்தில் முலாம்பழக் குடில். நாங்கள் போனது செப்டம்பர் ஆரம்பம். கூரையை ஒட்டிக் கம்பி இழுத்து அதில் கொடியை ஏற்றியிருக்கிறார்கள், ஒவ்வொரு பழத்துக்கும் ஒரு சின்ன வலைத் தூளி. பழம் கனத்தால் காம்பு அறுந்து விழுந்துவிடும் இல்லையா, அதனால் குழந்தைக்குக் கட்டுகிற மாதிரி வலையைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். உள்ளே நுழைந்தால் முகத்தில் அடிக்கும் அந்தச் சூடான ஈரக் காற்றில் மாமாவுக்கு ஆறு மாதத்தில் முதல் தடவையாக வியர்த்தது, ஸ்வெட்டரைக் கழற்றினார். பக்கத்தில் ஒரு இருட்டறை: சிக்கரிக் கீரை, ரூபார்ப் என்ற புளிப்புத் தண்டு போன்றவற்றை வெளிச்சம் காட்டாமல் வெளுத்து வளர வைக்கும் இடம். வெளிச்சம் இல்லாமல் வளர்ந்தால் கசப்பு குறையும், தண்டு மென்மையாக இருக்கும்.

பூந்தோட்டத்துக்குள் போனால்தான் மதிலின் முழு உருவம் கண்ணில் படும். வெட்டுப் பூக்கள் பாத்தி பாத்தியாக நிற்கின்றன, செப்டம்பரில் டேலியா கொழித்துக் கிடந்தது, ஆனால் நான் பார்க்கச் சொல்வது ஓரத்தில் உள்ள கண்ணாடிக் குடில்களை. பீச்சுக்கு ஒன்று, எலுமிச்சை வகைகளுக்கு ஒன்று, திராட்சைக்கு ஒன்று. திராட்சைக் குடில் ஜோசப் பாக்ஸ்டனின் வடிவமைப்பு. பாக்ஸ்டன் சாட்ஸ்வர்த் மாளிகையின் தலைமைத் தோட்டக்காரராக இருந்து, 1851-ல் லண்டன் கண்காட்சிக்குக் கிரிஸ்டல் பேலஸ் என்ற கண்ணாடி அரண்மனையையே வரைந்து கொடுத்தவர். அப்புறம் யாரும் வாங்கிப் பூட்டிக்கொள்ளும்படி துண்டு துண்டாகக் கண்ணாடிக் குடில் செய்து விற்கும் யோசனைக்குக் காப்புரிமையும் வாங்கினார். இதெல்லாம் நடந்ததற்குப் பின்னால் ஒரு வரிக் கணக்கு இருக்கிறது. பிரிட்டனில் கண்ணாடிக்கு எடைக்கணக்கில் வரி இருந்தது, அதை 1845-ல் எடுத்துவிட்டார்கள். கண்ணாடி விலை சரிந்ததும் நாடு முழுக்க மதில்களில் குடில்கள் முளைத்தன. அதற்கு முந்திய குடில்களில் கண்ணாடித் துண்டுகள் ஏன் அவ்வளவு பொடிசாக, மீன் செதில் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறி இருக்கின்றன என்றால் அதுவும் இதனால்தான், சின்னத் துண்டு மலிவு, உடைந்தாலும் நஷ்டம் குறைவு. கண்ணாடிப் பைத்தியம் எதுவரை போனது என்றால், ரயில் எஞ்சின் புகழ் ஜார்ஜ் ஸ்டீஃபன்சன் வயதான காலத்தில் தன் தோட்டத்து வெள்ளரிக்காய் கோணலாக வளர்கிறது என்று கண்ணாடிக் குழாய் செய்து அதற்குள் நேராக வளர்த்தார். தண்டவாளம் போட்ட மனிதர், கோணல் பிடிக்காதுதான்.

பீச் குடிலில் இன்னொரு சங்கதி. பீச் பிப்ரவரி மார்ச்சிலேயே பூத்துவிடும், அப்போது வெளியே தேனீ கிடையாது. அந்தக் காலத் தோட்டக்காரர்கள் ஒரு குச்சியில் முயல் வாலைக் கட்டிக்கொண்டு பூப்பூவாகத் தடவிக்கொண்டே போவார்கள், மகரந்தம் ஒட்டட்டும் என்று. தேனீக்கும் இங்கே இடம் செய்து வைத்திருக்கிறார்கள்: சுவரில் விளக்கு மாடம் மாதிரியே வரிசையாக மாடங்கள், ஒவ்வொன்றிலும் வைக்கோலால் பின்னிய ஒரு தேன்கூடை கவிழ்த்து வைக்க. மழை காற்றிலிருந்து கூடைக்குப் பாதுகாப்பு, பூவுக்கும் பக்கம். பழைய மதில்களில் இந்த மாடங்களைப் பார்த்துவிட்டுச் சாமி வைக்க என்று நினைத்தவன் நான்.

இப்போது அந்தக் கழிவறை. மெலன் யார்டின் ஒரு மூலையில் தோட்டக்காரர்களுக்கான கக்கூஸ், தண்டர்பாக்ஸ் அறை என்று பேச்சுவழக்கில் பெயர். ரொம்பச் சின்னது, ரெண்டு பேர் சேர்ந்து நின்றால் தோள் இடிக்கும். உதிர்ந்துகொண்டிருக்கும் சுண்ணாம்புப் பூச்சில் பென்சிலால் பெயர்கள், அங்கே வேலை பார்த்தவர்கள் எழுதியவை, தேதி ஆகஸ்ட் 1914. கூடவே, இங்கே தூங்கி வழிய வராதே என்ற பொருளில் ஒரு வாசகம். யாரோ சோம்பேறி ஒருவனைக் கேலி செய்து எழுதியதாக இருக்கும். அந்த மாதம்தான் பிரிட்டன் போரில் இறங்கியது. இந்தத் தோட்டத்தை மீட்டவர்கள் இந்தப் பெயர்களைக் கண்டுபிடித்த பிறகுதான் மாளிகைக்காரர்களின் கதையை விட்டுவிட்டு வேலைக்காரர்களின் கதையாக இதைச் சொல்வது என்று முடிவெடுத்தார்கள். 2013-ல் லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகம் அந்த அறையை உயிருள்ள நினைவுச்சின்னமாக அங்கீகரித்தது. பெயர்கள் மங்கல், டார்ச் இல்லாமல் சரியாகப் படிக்க முடியாது. மாமாவுக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டித்தான் வரும். ஒவ்வொரு எழுத்தாகப் படித்துவிட்டு, "வேலை நேரத்துல எழுதியிருக்கான்" என்றார். அப்புறம் வெளியே வந்து கொஞ்ச நேரம் பேசவில்லை.

காய்கறித் தோட்டத்தைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நடுப்பாதை நெடுக ஆப்பிள் மரங்களை வளைத்துக் கட்டி ஒரு குகை மாதிரி செய்திருக்கிறார்கள், செப்டம்பரில் பழம் தலையில் இடிக்கிறது. ரெண்டு பக்கமும் நூல் பிடித்த மாதிரி நேரான பாத்திகள், விக்டோரியா காலத்து ரகங்களாகத் தேடித் தேடிப் போட்டிருக்கிறார்கள். பாத்திகளைச் சுழற்சியில் மாற்றுகிறார்கள், முட்டைக்கோஸ் இருந்த இடத்தில் அடுத்த வருடம் முட்டைக்கோஸ் கிடையாது. விளைந்தது அங்கேயே சமையலுக்குப் போகிறது. மாமா ஒரு வரிசை வெங்காயத்தைக் காட்டி, "களையே இல்ல, இதுல எத்தன பேரு வேல பாக்குறாங்க?" என்றார். மெனக்கெட்டுப் பார்த்தால் நிஜமாகவே எங்கேயாவது ஒருவர் குனிந்துகொண்டுதான் இருக்கிறார்.

குறை என்று சொன்னால் ரெண்டு. மாளிகை தோட்டத்தோடு சேர்ந்தது இல்லை, 1970-களிலேயே அடுக்குமாடிக் குடியிருப்பாகப் பிரித்து விற்றுவிட்டார்கள், உள்ளே போக முடியாது. அதனால் சமையலுக்கு முந்திய பாதியை மட்டும் பார்த்துவிட்டுச் சாப்பாட்டு மேசையைப் பார்க்காமல் திரும்புகிற மாதிரி இருக்கும். ரெண்டாவது, மதில் தோட்டம் மட்டும்தான் வேண்டும், காடு வேண்டாம் என்கிறவர்களுக்கு டிக்கெட் விலை கொஞ்சம் கூடுதலாகப் படும். அப்படிப்பட்டவர்கள் எசெக்ஸில் ஆட்லி எண்டுக்குப் போகலாம், அங்கே 19-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துத் திராட்சைக் குடில் ஒன்று அருமையாக இருக்கும், மாளிகையும் உண்டு. சசெக்ஸில் வெஸ்ட் டீன் தோட்டத்தில் விக்டோரியா காலக் கண்ணாடிக் குடில்கள் வரிசையாக வெள்ளை அடித்துப் பளிச்சென்று நிற்கும், ஒழுங்கு பிடிக்கிறவர்களுக்கு அதுதான் சொர்க்கம். எனக்கு அந்தப் பளபளப்பைவிட ஹெலிகனின் லத்தி வாடை பிடித்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். ரயில் என்றால் செயின்ட் ஆஸ்டலில் இறங்கி மெவகிஸ்ஸி பக்கம் போகும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். காலையில் திறந்ததும் போனால் எல்லோரும் காட்டுப் பக்கம் இறங்குவார்கள், நீங்கள் எதிர்ப்பக்கம் மெலன் யார்டுக்குப் போய்விடுங்கள், முற்றம் காலியாக இருக்கும். முலாம்பழம் தூளியில் தொங்குவதைப் பார்க்க வேண்டுமென்றால் ஆகஸ்ட், செப்டம்பர். பீச் பூ வேண்டுமென்றால் குளிர் முடிகிற நேரம். அன்னாசிச் செடி எப்போதும் இருக்கும், பழம் இருக்குமா என்பது உங்கள் அதிர்ஷ்டம், எங்களுக்கு இல்லை. காட்டுப் பள்ளத்தாக்கில் இறங்கும் சரிவு வயதானவர்களின் முழங்காலுக்கு ஆகாது, மேலே உள்ள தோட்டங்கள் பரவாயில்லை. நல்ல செருப்பும் மழைக்கோட்டும் கட்டாயம், கடலோர மழை சொல்லாமல் வரும்.

எங்களுக்கும் வந்தது. எல்லோரும் டீக்கடைப் பக்கம் ஓடினோம், மாமாவை மட்டும் காணோம். திரும்பிப் போய்த் தேடினால் அன்னாசிக் குழிக்குப் பக்கத்துக் கொட்டகை வாசலில் ஒதுங்கி நின்றுகொண்டு, கைவண்டியில் லத்தி தள்ளி வந்த ஒரு தோட்டக்காரப் பெண்ணிடம் கையாலேயே ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கேட்டது எவ்வளவு நாளைக்கு ஒரு தடவை மாற்றுகிறீர்கள் என்று. அந்தப் பெண் விரலை விரித்துக் காட்ட, இவர் இல்லை என்று தலையாட்டி வேறு கணக்குச் சொல்ல, ரெண்டு பேரும் மழையில் நின்று பலகையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.